சோனியாவைப் பிடித்துப்போனவர் தன் விசுவாசத்தைப் பற்றி எப்படிப் பேசுவது?

கேள்வி இதுதான்: தஸ்தயெவ்ஸ்கியின் 'குற்றமும் தண்டனையும்' நாவலில் வரும் சோனியா எனக்கு ரொம்பப் பிடித்த பாத்திரம். நானும் கிறிஸ்தவன். ஆனால் நண்பர்களிடம் என் விசுவாசத்தைப் பற்றி வாயைத் திறந்தாலே பிரசங்கம் மாதிரி ஆகிவிடுகிறது, பேசாமல் இருந்தால் மனசாட்சி உறுத்துகிறது. சோனியாவை முன்மாதிரியாக வைத்துக்கொள்ளலாமா, ஒரு கற்பனைப் பாத்திரத்துக்கு இவ்வளவு இடம் கொடுப்பது சரிதானா, அந்த நாவலை நண்பனுக்குக் கொடுத்தால் அதுவே ஒரு தொடக்கமாக இருக்குமா?

தாராளமாக வைத்துக்கொள்ளலாம். கற்பனைப் பாத்திரம் என்று தயங்கவே வேண்டாம். நல்ல சமாரியனும் கெட்ட குமாரனும் கதைக்குள் வருகிறவர்கள்தான், அந்தக் கதைகளைச் சொன்னவர் இயேசு. இப்படிச் செய் என்று நேராகச் சொல்வதைவிட ஒரு ஆளைக் காட்டுவது சில நேரம் நன்றாக வேலை செய்யும் என்பது அவருக்கே தெரிந்த விஷயம். ஆனால் சோனியாவை விரும்புகிறவர்கள் பலரும் அவளைச் சரியாகப் பார்ப்பதில்லை என்பது என் அபிப்பிராயம். பொறுமை, தியாகம், கண்ணீர் என்று ஒரு படம் மாட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். உங்கள் கேள்விக்கான பதில் அந்தப் படத்தில் இல்லை. அவள் எப்போது பேசுகிறாள், எப்போது பேசாமல் இருக்கிறாள், பேசியபிறகு என்ன செய்கிறாள் என்பதில்தான் இருக்கிறது. (கதை முழுக்கச் சொல்லப்போகிறேன், படிக்காதவர்கள் படித்துவிட்டு வந்தாலும் சரி.)

நாவல் 1866-இல் 'ருஸ்கி வேஸ்த்னிக்' என்ற இதழில் தொடராக வந்தது. சட்டம் படித்துப் பாதியில் விட்ட ரஸ்கோல்னிகோவ், பீட்டர்ஸ்பர்க்கில் அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியைக் கோடரியால் கொல்கிறான். எதிர்பாராமல் உள்ளே வந்துவிட்ட அவளுடைய தங்கை லிசவேத்தாவையும் கொன்றுவிடுகிறான். பெரிய மனிதர்களுக்குச் சட்டத்தைத் தாண்டிப் போகும் உரிமை உண்டு என்று ஒரு சித்தாந்தம் அவன் தலைக்குள் இருக்கிறது. சோனியா ஒரு குடிகாரரின் மகள், வயது 18, சித்தியின் மூன்று பிள்ளைகளும் பட்டினி கிடக்காமலிருக்க உடலை விற்கிறவள். விசுவாசத்தைப் பற்றி இன்னொருவரிடம் பேசும் தகுதி யாருக்கு இருக்கிறது என்று ஊரைக் கேட்டால் கடைசியாகக்கூட அவள் பெயர் வராது. அவளுக்கும் அப்படித்தான் எண்ணம், தன்னை மகா பாவி என்றே அவள் சொல்லிக்கொள்கிறாள்.

நான்காம் பாகத்தின் நான்காம் அத்தியாயத்தை ஒருமுறை மெதுவாகப் படித்துப் பாருங்கள். இரவு பதினொரு மணிக்கு அவன் அவள் அறைக்கு வருகிறான். ஆறுதல் தேடி வருகிறான் என்று சொல்லவே முடியாது, குத்திப் பார்க்கத்தான் வருகிறான். உன் சித்தி சீக்கிரம் செத்துப்போவாள், குட்டிப் பெண் போலெங்காவுக்கும் உன் கதிதான் வரும் என்கிறான். கடவுள் அப்படி விடமாட்டார் என்கிறாள் அவள். ஒருவேளை கடவுளே இல்லையோ என்னவோ என்கிறான் இவன், அதில் ஒரு குரூர சந்தோஷமும் அவனுக்கு இருக்கிறது. இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்வோம்? கடவுள் இருப்பதற்கான வாதங்களை ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வைப்போம், எங்கோ படித்த உதாரணம் ஒன்றையும் சேர்த்துக்கொள்வோம். சோனியாவுக்குப் பேச்சே வரவில்லை. முகம் மாறுகிறது, ஏதோ சொல்ல வாயெடுக்கிறாள், முடியாமல் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுகிறாள். கொஞ்ச நேரம் கழித்து, சரி, கடவுள் உனக்கு என்னதான் செய்கிறார் என்று அவன் கேட்கும்போது, முதலில் கோபப்படுகிறாள். கேட்காதீர்கள், கேட்க உங்களுக்குத் தகுதியில்லை என்கிறாள்! சாதுவான பெண் என்று நினைத்துக்கொண்டிருக்கும் வாசகரைத் தூக்கிப்போடும் இடம் அது. அப்புறம் தலையைக் குனிந்துகொண்டு, எல்லாம் செய்கிறார் என்று முணுமுணுக்கிறாள். அவ்வளவுதான் பதில். அவள் இருக்கும் நிலையில் அந்தப் பதிலைச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று பார்க்கிற நமக்குத் தெரிகிறது, கேட்டவனுக்கும் தெரிகிறது.

இழுப்பறை அலமாரிமேல் ஒரு புதிய ஏற்பாடு கிடக்கிறது, தோல் அட்டை போட்ட, புரட்டிப் புரட்டிப் பழசான புத்தகம். எங்கே கிடைத்தது என்று கேட்கிறான். லிசவேத்தா கொண்டுவந்து தந்தாள் என்கிறாள். அவன் கொன்ற அதே லிசவேத்தா. லாசருவின் கதை எங்கே இருக்கிறது, எடுத்துப் படி என்கிறான். செத்து நாலு நாளானவனை இயேசு உயிரோடு எழுப்பிய கதை அது. அவள் தயங்குகிறாள். எதற்கு, உங்களுக்குத்தான் நம்பிக்கை இல்லையே என்கிறாள். அவன் விடாமல் படிக்கச் சொல்கிறான். புத்தகத்தைத் திறந்தவளுக்குக் கை நடுங்குகிறது, குரல் எழும்பவில்லை, இரண்டு தடவை ஆரம்பித்தும் முதல் அசையே வெளியே வரவில்லை. ஏன் என்று தஸ்தயெவ்ஸ்கி விளக்குகிறார், என்னைக் கேட்டால் நாவலிலேயே மிக நுட்பமான இடம் அது: இந்த உணர்வுகள் எல்லாம் சின்ன வயதிலிருந்து அவள் மட்டும் வைத்திருந்த ரகசியம், அதை இன்னொருவர் முன்னால் திறந்து காட்டுவது அவளுக்கு அவ்வளவு வலி. அதே நேரத்தில், அவனுக்குப் படித்துக் காட்ட வேண்டும், அவன் கேட்க வேண்டும், அதுவும் இப்போதே கேட்க வேண்டும், அப்புறம் என்ன ஆனாலும் சரி என்ற தவிப்பும் அவளுக்கு இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கின்றன.

நீங்கள் கேட்ட சங்கடத்துக்கு இங்கே ஒரு வெளிச்சம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். நாம் பேசுவது எப்போது பிரசங்கமாக மாறுகிறது? பேசுவதில் நமக்கு எந்த நஷ்டமும் இல்லாதபோது. மனப்பாடம் செய்த வசனம், ஐம்பது பேரிடம் சொல்லித் தேய்ந்த சாட்சி, எந்தக் கேள்வி வந்தாலும் தயாராக இருக்கும் பதில் என்று பேசும்போது குரல் நடுங்காது. கேட்கிறவருக்கு அது உடனே தெரிந்துவிடும், தான் ஒரு கூட்டத்தில் ஒரு ஆள் என்று. சோனியாவின் குரல் உடைவதற்குக் காரணம், அவளிடம் இருப்பதெல்லாம் அது ஒன்றுதான், அதைக் கேலி செய்யக்கூடிய ஒருவனிடம் எடுத்துக் காட்டுகிறாள். உங்கள் தயக்கத்தைக் குறை என்று எண்ண வேண்டாம். வெட்கத்தினால் வரும் தயக்கம் வேறு, மதிப்புள்ள ஒன்றைக் கையில் வைத்திருப்பதால் வரும் தயக்கம் வேறு. இரண்டாவது உங்களிடம் இருந்தால் அதைப் பயிற்சி வகுப்புக்குப் போய்ப் போக்கிக்கொள்ளாதீர்கள்.

அவள் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை முதல் வசனத்திலிருந்து 45-ஆம் வசனம் வரை படிக்கிறாள். "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்" என்று இயேசு சொன்னதும், விசுவாசிக்கிறேன் என்று லாசருவின் சகோதரி மார்த்தாள் பதில் சொல்லும் இடத்தைத் தானே அறிக்கையிடுவதுபோலப் படிக்கிறாள். "ஆண்டவரே, இப்பொழுது நாறுமே, நாலுநாளாயிற்றே" என்று மார்த்தாள் சொல்லும் இடத்தில் அந்த நாலு என்ற சொல்லை அழுத்திப் படிக்கிறாள். அவனும் குருடன், நம்பாதவன், இதைக் கேட்டு இப்போதே நம்பிவிடுவான் என்று உள்ளுக்குள் துடிக்கிறாள். ஆக அவளுக்கு ஆசை இல்லை, பாரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் படித்து முடித்ததும், லாசரு எழுந்ததைப் பற்றி இருப்பது இவ்வளவுதான் என்று சட்டென்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். விளக்கவுரை இல்லை, இப்போது உங்கள் முடிவு என்ன என்ற கேள்வி இல்லை.

இதற்குப் பலன் என்ன என்று பார்த்தால், ஒன்றும் இல்லை. ரஸ்கோல்னிகோவ் அடுத்து எதைப் பற்றிப் பேசுகிறான் தெரியுமா? அதிகாரம்! சுதந்திரமும் அதிகாரமும், எல்லாவற்றுக்கும் மேலாக அதிகாரம், நடுங்கும் ஜீவன்கள் எல்லாவற்றின் மேலும் என்கிறான். லாசருவைக் கல்லறையிலிருந்து எழுப்பிய கதையைக் கேட்டுக் கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கிறது. ஒரு சுவிசேஷ முயற்சி என்று எடுத்துக்கொண்டால் முழுத் தோல்வி. எத்தனை ஆத்துமாக்கள் என்று மாதக் கடைசியில் கணக்குக் கேட்கிற கூட்டங்களில் சோனியா எழுந்து நின்று என்ன சொல்லியிருப்பாள் என்று நான் யோசித்துப் பார்ப்பதுண்டு.

இந்தக் காட்சிக்கு ஒரு பின்கதை உண்டு. எழுதியபடியே வெளியிட இதழை நடத்திய கத்கோவ் ஒத்துக்கொள்ளவில்லை. தஸ்தயெவ்ஸ்கி திருத்தி எழுதிக் கொடுக்க வேண்டியதாயிற்று, முதலில் எழுதியது இன்று இல்லை. இருக்கும் வடிவத்திலும் ஒரு வாக்கியம் இருக்கிறது, அணையப்போகும் மெழுகுவத்தி வெளிச்சத்தில் கொலைகாரனும் விபசாரியும் நித்தியமான புத்தகத்தின்மேல் குனிந்திருந்தார்கள் என்ற அர்த்தத்தில். நாவலாசிரியர் நபக்கோவ் அந்த வாக்கியத்தைப் போட்டுக் கிழித்திருக்கிறார். தஸ்தயெவ்ஸ்கியின் ரசிகர்களுக்குக் கோபம் வரும், ஆனால் எனக்கு அவர் சொன்னதில் பாதி நியாயமாகத்தான் படுகிறது. சோனியா திக்கித் திணறியபோது கிடைத்த உண்மை, ஆசிரியர் குறுக்கே வந்து இதோ பாருங்கள் என்று கையைக் காட்டும்போது கொஞ்சம் குறைந்துவிடுகிறது. அவ்வளவு பெரிய எழுத்தாளருக்கே கட்டுப்படுத்த முடியாத சபலம் அது. நண்பரிடம் மனம்விட்டுப் பேசியபிறகு, கடைசியில் ஒரு பாடத்தையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும் என்று நமக்குத் தோன்றுகிறதே, அதுவும் இதே சபலம்தான்.

இதுவரை படித்துவிட்டு, அப்படியானால் வாயை மூடிக்கொண்டு நல்லவனாக வாழ்ந்தால் போதும், வாழ்க்கையே சாட்சி என்று நீங்கள் முடிவு செய்துவிடக்கூடாது. பேசாமல் இருப்பதற்கு அது ஒரு சௌகரியமான சாக்கு. சோனியா அப்படி இல்லை. ஐந்தாம் பாகத்தில் அவன் கொலையைச் சொல்லிவிடுகிறான். அவள் முதலில் செய்வது அவனைக் கட்டிப்பிடித்து அழுவது. உலகத்திலேயே உங்களைவிடத் துர்ப்பாக்கியசாலி இப்போது யாரும் இல்லை என்கிறாள். சிறைக்குப் போனால் கூடவே வருவேன் என்கிறாள். இதற்கெல்லாம் பிறகு அவன் தன் சித்தாந்தத்தை ஆரம்பிக்கிறான், நான் கொன்றது ஒரு பேனைத்தான், யாருக்கும் உபயோகமில்லாத, அருவருப்பான ஒரு பேன் என்கிறான். மனுஷி பேனா என்று அவள் கேட்கும் கேள்வியில் அந்தச் சித்தாந்தம் முழுக்க ஆட்டம் கண்டுவிடுகிறது. இதற்குக் கொஞ்சம் முன்னால், யார் வாழலாம் யார் சாகலாம் என்று முடிவு செய்யும் வாய்ப்பு உனக்குக் கிடைத்தால் என்ன செய்வாய் என்று அவன் சாமர்த்தியமாகக் கேட்டபோதும், என்னை அதற்கு நியாயாதிபதியாக வைத்தது யார் என்று திருப்பிக் கேட்டாள். அப்புறம் மிகக் கடினமான ஒன்றைச் சொல்கிறாள்: இப்போதே எழுந்து போங்கள், நாற்சந்தியில் நின்று, நீங்கள் அசுத்தப்படுத்திய மண்ணை முத்தமிட்டு, நான் கொலை செய்தேன் என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள். பூசி மெழுகவே இல்லை. கட்டிப்பிடித்த அதே கையோடு இதைச் சொல்கிறாள். வரிசையைக் கவனியுங்கள், முதலில் பக்கத்தில் போய் நின்றாள், பிறகுதான் சொன்னாள், சொன்னதும் அவன் கேட்டுக்கொண்டிருந்த ஒரு கேள்விக்கான பதில்தான்.

சிலுவை விஷயத்திலும் அப்படித்தான். சைப்ரஸ் மரத்தில் செய்த தன் சிலுவையை அவனுக்குக் கொடுக்கிறாள். வாங்கக் கை நீட்டியவன், இப்போது வேண்டாம், பிறகு பார்க்கலாம் என்று கையை இழுத்துக்கொள்கிறான். உடனே அவள் ஒத்துக்கொள்கிறாள், ஆமாம், பாடுபடப் போகும்போது போட்டுக்கொள்ளுங்கள், என்னிடம் வாருங்கள், நான் போட்டுவிடுகிறேன் என்கிறாள். கட்டாயப்படுத்தினால் வாங்கியிருப்பானோ என்னவோ. பிறகு அவனே வந்து கேட்டு வாங்கிக்கொள்கிறான், அதுவும் கேலியும் எரிச்சலுமாகத்தான். சரணடையக் காவல் நிலையத்துக்குப் போகிறவன் உள்ளே போனபின் மனம் மாறி, ஒன்றும் சொல்லாமல் படியிறங்கிவிடுகிறான். வாசலில் சோனியா வெளுத்துப்போய் நிற்கிறாள். பின்னாலேயே வந்திருக்கிறாள். ஒரு வார்த்தை பேசவில்லை. அவளைப் பார்த்துவிட்டுத் திரும்ப மேலே ஏறிப் போய்க் குற்றத்தை ஒத்துக்கொள்கிறான்.

'போய், சொல்லுங்கள் என்பதுதானே கட்டளை, யாராவது கேட்கும்வரை காத்திருக்கச் சொன்னது யார்' என்று ஒரு கேள்வி வரும், நியாயமான கேள்வி. மத்தேயு 28-ஐ நான் மறுக்கவில்லை. ஆனால் போனவள் யார் என்று பாருங்கள். எட்டு வருஷம் கடுங்காவல் என்று தீர்ப்பானதும் அவன் பின்னால் சைபீரியாவுக்கே போகிறாள் சோனியா. அங்கே தையல் வேலை செய்து பிழைக்கிறாள், கைதிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறாள், அவர்களுடைய உறவினர்கள் கொண்டுவந்து தருவதை வாங்கிச் சேர்த்து வைக்கிறாள். அவன் குடும்பத்துக்கு அவள் எழுதும் கடிதங்களில் வெறும் தகவல்தான் இருக்கிறது, என்ன சாப்பிடுகிறான், என்ன வேலை, உடம்பு எப்படி என்று. தன் நம்பிக்கைகளையோ யூகங்களையோ அதில் கலக்கவில்லை. கைதிகள் அவனை வெறுக்கிறார்கள், நாத்திகன் என்று அடிக்க வருகிறார்கள். அவளை எல்லோரும் அம்மா என்று கூப்பிடுகிறார்கள்.

நாவலின் கடைசி இரண்டு பக்கத்தில் ஒரு செய்தி, வேகமாகப் படித்தால் தவறவிட்டுவிடுவோம். சிறைக்கு வந்த புதிதில் ரஸ்கோல்னிகோவுக்கு ஒரு பயம் இருந்திருக்கிறது: இவள் மதத்தைப் பேசிப் பேசி நம்மைக் கொல்லப்போகிறாள், சுவிசேஷத்தைத் திணிக்கப்போகிறாள், புத்தகங்களாகக் கொண்டுவந்து கொட்டப்போகிறாள் என்று. அவனே ஆச்சரியப்படும்படி அவள் ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுக்கவில்லை, புதிய ஏற்பாட்டை வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. கடைசியில் அவனே கேட்டான், அவள் மறுபேச்சில்லாமல் கொண்டுவந்து கொடுத்தாள். லாசருவின் கதையை அன்றைக்குப் படித்துக் காட்டிய அதே புத்தகம். நாவல் முடியும்போது அது அவன் தலையணைக்கு அடியில் இருக்கிறது, இன்னும் திறக்கவில்லை. அவளுடைய நம்பிக்கைகள் இனி என்னுடைய நம்பிக்கைகளாக இருக்கக்கூடாதா என்று ஒரு எண்ணம் அவனுக்கு ஓடுகிறது, அதுகூடக் கேள்வியாகத்தான் வருகிறது.

நாம் அடிக்கடி சொல்லும் வசனம் ஒன்று இருக்கிறதே, 1 பேதுரு 3:15, "உங்களிலிருக்கிற நம்பிக்கையைக்குறித்து உங்களிடத்தில் விசாரித்துக் கேட்கிற யாவருக்கும் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் உத்தரவுசொல்ல எப்பொழுதும் ஆயத்தமாயிருங்கள்." ஆயத்தமாயிருங்கள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு, கேட்கிறவர் ஒருவர் அதில் இருக்கிறார் என்பதை விட்டுவிடுகிறோம். அவர் ஏன் விசாரிக்க வேண்டும், நம்மிடம் விசாரிக்கும்படி என்ன இருக்கிறது என்ற கேள்வி கொஞ்சம் சங்கடமானது, அதனால்தான் விட்டுவிடுகிறோமோ என்னவோ.

சோனியாவுக்கு நேர் எதிரான ஆளையும் தஸ்தயெவ்ஸ்கி பக்கத்திலேயே வைத்திருக்கிறார். லெபெஸியாத்னிகோவ். புதுக்கருத்துகளைப் பரப்புவதே அவனுக்கு வேலை, யாரைப் பார்த்தாலும் முன்னேற்றப் பார்ப்பான். சோனியாவுக்கு லூயிஸ் எழுதிய உடலியல் புத்தகத்தைப் படிக்கக் கொடுத்தவன் இவன்தான். அவள் அந்தத் தொழிலுக்குப் போனபிறகு, இவளோடு ஒரே வீட்டில் நான் எப்படி இருப்பது என்று கேட்டவனும் இவன்தான் என்று அவள் அப்பா சொல்கிறார். நாத்திகன்தான், ஆனால் நம் ஆட்கள் சிலரின் சாயல் அவனிடம் எனக்கு நன்றாகவே தெரிகிறது, கருத்தின்மேல் இருக்கும் பிரியம் ஆளின்மேல் இல்லை. ஆனாலும் அவனை ஒரேயடியாக ஒதுக்க முடியாது. லூசின் என்கிறவன் நூறு ரூபிள் நோட்டை சோனியாவின் பையில் ரகசியமாகப் போட்டுவிட்டு அவளைத் திருடி என்று கூட்டத்தில் குற்றம் சாட்டும்போது, நான் பார்த்தேன், நீதான் போட்டாய் என்று எழுந்து சொல்கிறவன் லெபெஸியாத்னிகோவ். பெரிய தத்துவம் எதுவும் இல்லை, கண்ணால் பார்த்ததைச் சொன்னான், ஒரு பெண்ணின் மானம் காப்பாற்றப்பட்டது.

இனி, எங்கே சோனியாவைப் பின்பற்றக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் நண்பர் ரஸ்கோல்னிகோவ் இல்லை! கேட்கச் சாதாரணமாக இருக்கும், ஆனால் பல கிறிஸ்தவர்கள் நம்பாதவரைப் பார்க்கும் பார்வையே, உள்ளுக்குள் அழுகிக்கொண்டிருக்கும் ஒருவர் நம்மால் காப்பாற்றப்படக் காத்திருக்கிறார் என்பதுபோல இருக்கிறது. அவர் நிம்மதியாக, நேர்மையாக, நம்மைவிட நன்றாகவே வாழ்ந்துகொண்டிருக்கலாம். வேறு மதத்தில் ஆழமான பக்தியோடு இருக்கலாம். கஷ்டத்தில் இருக்கும்போதுதான் விசுவாசத்தைப் பேச முடியும் என்று அவர் வாழ்க்கையில் ஒரு இடி விழக் காத்திருப்பது அன்பில் சேராது. அதேபோல, உங்களைக் காயப்படுத்துகிற ஒருவரோடு, நான் இருந்தால்தான் இவர் திருந்துவார் என்று ஒட்டிக்கொண்டிருக்க சோனியாவை உதாரணம் காட்டாதீர்கள். அவள் நாவலுக்குள் இருக்கிறாள், கடைசி அத்தியாயத்தில் அவன் அவள் காலடியில் விழுவான் என்று எழுதியவருக்குத் தெரியும். உங்களுக்கு அப்படி ஒரு முடிவுரையை எழுதிவைத்துக்கொண்டு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. பெண்ணைத் துன்பத்தின் வடிவமாக நிறுத்தி ஆணை மீட்கவைக்கிற கதை இது என்று சோனியாவை விமர்சிக்கிறவர்கள் உண்டு, அதில் உண்மை இருக்கிறது, அவளுக்கென்று ஒரு வாழ்க்கை நாவலில் ரொம்பக் குறைவு. பிடித்த பாத்திரம் என்பதற்காக அதை மறைக்க வேண்டியதில்லை.

உங்களுக்குக் கீழே வேலை செய்கிறவர், உங்களிடம் படிக்கிறவர், உங்கள் பணத்தில் இருக்கிறவர் என்றால் இன்னும் ஜாக்கிரதை. அவரால் வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரஸ்கோல்னிகோவால் முடிந்தது, சிலுவையை வாங்காமல் கையை இழுத்துக்கொள்ள முடிந்தது.

வேறு மதத்து நண்பர்கள் என்றால் அதே எழுத்தாளரின் இன்னொரு நூலில் ஒரு பகுதி இருக்கிறது, 'மரண வீட்டின் குறிப்புகள்'. தஸ்தயெவ்ஸ்கி ஓம்ஸ்க் சிறையில் 1850 முதல் 1854 வரை இருந்தார். போகும் வழியில் தோபோல்ஸ்கில், நாடுகடத்தப்பட்ட புரட்சிக்காரர்களின் மனைவிமார் கொடுத்த புதிய ஏற்பாடுதான் அங்கே அவரோடு இருந்த புத்தகம். அந்த அனுபவத்திலிருந்து எழுதிய நூலில், தாகெஸ்தானிலிருந்து வந்த ஆலே என்ற முஸ்லிம் இளைஞனுக்குக் கதைசொல்லி ரஷ்ய மொழி படிக்கச் சொல்லித்தருகிறார், பாடப் புத்தகம் அதே புதிய ஏற்பாடு. மலைப்பிரசங்கம் படிக்கும்போது பையனுக்கு முகம் மலர்கிறது. எந்த இடம் பிடித்தது என்று கேட்டால், மன்னி, நேசி, யாரையும் நோகடிக்காதே, பகைவரையும் நேசி என்று சொல்கிற இடம், எவ்வளவு நன்றாகச் சொல்கிறார் என்கிறான். அவனுடைய அண்ணன்மார் தங்களுக்குள் பேசிக்கொண்டு, பிறகு கதைசொல்லியிடம் வந்து, ஈசா (இயேசு) இறைத்தூதர், களிமண்ணில் பறவை செய்து ஊதினார், அது பறந்தது, எங்கள் புத்தகத்திலும் இருக்கிறது என்று மரியாதையாகச் சொல்கிறார்கள். ஈசாவைப் புகழ்ந்தால் இவருக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று அவர்களுக்கு நினைப்பு. யாரும் மதம் மாறவில்லை. கதைசொல்லி அவர்களைத் திருத்தவும் இல்லை. விடுதலையாகிப் போகும்போது ஆலே அவரைக் கட்டிக்கொண்டு அழுகிறான், என் அப்பா அம்மாகூடச் செய்யாததை எனக்குச் செய்தீர்கள், என்னை மனிதனாக்கினீர்கள் என்கிறான். விசுவாசத்தைப் பகிர்வது என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது, உண்மையைச் சொன்னால், லாசரு காட்சிக்கும் முன்னால் இதுதான். இவர் கொடுத்ததை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், பதிலுக்கு அவர்களிடம் இருந்ததையும் கொடுத்தார்கள்.

இவ்வளவையும் எழுதியவர் சந்தேகமே இல்லாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். சிறையிலிருந்து வெளியே வந்த 1854-இல் எழுதிய ஒரு கடிதத்தில், நான் இந்தக் காலத்தின் பிள்ளை, அவநம்பிக்கையின் பிள்ளை, சாகும்வரை அப்படித்தான் இருப்பேன் என்ற அர்த்தத்தில் எழுதுகிறார். அதே கடிதத்தில்தான், சத்தியம் ஒரு பக்கமும் கிறிஸ்து ஒரு பக்கமும் என்று யாராவது நிரூபித்துவிட்டால்கூட நான் கிறிஸ்துவோடுதான் இருப்பேன் என்கிறார். ஆகவே நண்பர்கள் கேட்கும் கேள்விக்குப் பதில் தெரியவில்லை என்றால், தெரியவில்லை என்றே சொல்லுங்கள். சந்தேகம் உங்களுக்கும் இருந்தால் அதையும் சொல்லலாம். விசுவாசம் குறைந்துவிட்டதாக அவர் நினைக்க மாட்டார், நீங்கள் அவரிடம் நடிக்கவில்லை என்றுதான் நினைப்பார்.

நடைமுறையில் ஒன்று செய்யலாம். உங்களுக்கு ஏன் சோனியாவைப் பிடிக்கும் என்று நண்பர் கேட்டால், இலக்கிய நயத்துக்காக என்று மழுப்பாதீர்கள். நான் நம்புகிற ஒன்றை அவள் நம்புகிறாள், நான் ஆசைப்படுகிற மாதிரி நம்புகிறாள், அதனால் பிடிக்கும் என்று இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள். அவர் மேலே கேட்டால் மேலே சொல்லுங்கள். கேட்கவில்லை என்றால் நாவலைப் பற்றியே பேசுங்கள், புலன்விசாரணை அதிகாரி போர்ஃபீரி வரும் காட்சிகளைப் பற்றி மட்டுமே ஒரு ராத்திரி முழுக்கப் பேசலாம்.

நாவலைக் கொடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவருக்கு நாவல் படிக்கும் பழக்கம் இருந்தால் கொடுங்கள், எம். ஏ. சுசீலாவின் தமிழ் மொழிபெயர்ப்பு இருக்கிறது. உள்ளே துண்டுப் பிரசுரம் வைக்காதீர்கள், யோவான் 11 என்று ஓரத்தில் குறித்தும் வைக்காதீர்கள், தூண்டில் என்று தெரிந்துவிட்டால் நாவலும் கெட்டுப்போகும், உங்கள் நட்பும் கெட்டுப்போகும். படித்துவிட்டு அவருக்கு சோனியாவைப் பிடிக்காமல், நாவலில் வரும் ஒழுக்கங்கெட்ட பணக்காரன் ஸ்விட்ரிகைலோவைப் பிடித்துப்போகலாம், அதற்கும் தயாராக இருங்கள், நிறையப் பேருக்கு அப்படித்தான் ஆகிறது. ரஷ்யப் பெயர்கள்தான் முதல் தடங்கல்: சோனியா, சோனெச்கா, சோஃபியா செமியோனோவ்னா எல்லாம் ஒரே ஆள், ரோதியா என்று வந்தால் ரஸ்கோல்னிகோவ். ஒரு தாளில் எழுதி முன்அட்டைக்குள் வைத்துக் கொடுத்தால் நூறு பக்கத்தைத் தாண்டிவிடுவார், அதன்பிறகு நாவல் பார்த்துக்கொள்ளும். முடிவுரைப் பகுதியை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள், வழக்கு முடிந்ததும் கதை முடிந்தது என்று மூடிவைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.